படிச்சா தூக்கம் வருமா? ராத்திரி புக்கு படிக்கிற பழக்கத்தை புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

மந்தைவெளில இருக்குற எங்க சித்தி போன மாசம் போன் பண்ணி, "ஏன்டி, படுக்கறதுக்கு முன்னாடி புக்கு படிச்சா நல்லா தூக்கம் வரும்னு நீதானே சொன்ன, நேத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சிருந்தேன்"ன்னு கேட்டாங்க. எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு. சரி சித்தி, என்ன படிச்சீங்க, எங்க உக்காந்து படிச்சீங்க, எதுல படிச்சீங்கன்னு ஒண்ணு ஒண்ணா விசாரிச்சேன். ஆறரை மணிக்கு வழக்கமான ஃபில்டர் காபி, பத்து மணி வரைக்கும் சீரியல், அப்புறம் கட்டில்ல சாஞ்சுகிட்டு, தலைக்கு மேல வெள்ளை டியூப் லைட்டு எரிய, போன்ல ஒரு கொலைக் கதை, நடுநடுவுல ஃபேமிலி குரூப்ல வர்ற மெசேஜுக்கு பதில் வேற.

சித்தி படிச்சது தப்பே இல்ல. ஆனா அந்த படிப்பைச் சுத்தி இருந்த எல்லாமே உடம்பைப் பாத்து முழிச்சிரு முழிச்சிருன்னு சொல்லிட்டு இருந்திருக்கு. அன்னைக்கு அவங்களுக்கு போன்ல சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன், ஏன்னா இதே கேள்வியை ஆபீஸ்லயும் ரெண்டு மூணு பேர் கேட்டுட்டாங்க.

முதல்ல தூக்கம் எப்படி வருதுன்னு தெரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். உடம்புல ரெண்டு வேலை ஒரே நேரத்துல நடக்குது. ஒண்ணு, நாம முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளைல அடினோசின்னு ஒரு பொருள் சேந்துகிட்டே வரும், அது சேர சேர கண்ணு சொருகும், தூங்கி எழுந்தா அது குறைஞ்சிருக்கும். காபில இருக்குற கேஃபீன் என்ன பண்ணுதுன்னா, அந்த அடினோசின் போய் உக்கார வேண்டிய இடத்துல இது போய் உக்காந்துக்குது, அதனால அசதி உள்ள இருந்தாலும் நமக்குத் தெரியாது. குடிச்ச கேஃபீன்ல பாதி உடம்பை விட்டுப் போறதுக்கே சுமாரா 5 மணி நேரம் ஆகும் (ஆளுக்கு ஆள் மாறும்), அப்போ ஆறரை மணி காபில பாதி ராத்திரி பதினொன்றரைக்கும் உள்ளதான் இருக்கும். இது தெரியாம நாம புக்கைக் குறை சொல்றோம்.

ரெண்டாவது, உடம்புக்குள்ள இருக்குற கடிகாரம். இது எப்படி ஓடுதுன்னு ஜீன் அளவுல கண்டுபிடிச்ச மூணு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு, ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங், 2017ல மருத்துவ நோபல் குடுத்தாங்க. இந்தக் கடிகாரம் சாயங்காலம் இருட்டினதும் மெலடோனின்னு ஒரு ஹார்மோனை விட ஆரம்பிக்கும், அதுதான் உடம்புக்கு ராத்திரி ஆயிடுச்சுன்னு சொல்ற சேதி. இருட்டிடுச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்னா, கண்ணு வழியாத்தான். நம்ம கண்ணுக்குள்ள, உருவத்தைப் பாக்கறதுக்கு இல்லாம வெளிச்சம் எவ்வளவு இருக்குன்னு அளந்து சொல்றதுக்குன்னே சில செல்கள் இருக்கு, அதுங்களை நீல நிற வெளிச்சம்தான் ரொம்ப உசுப்பிவிடும். வெள்ளை வெளேர்னு எரியுற டியூப் லைட்டுலயும் போன் ஸ்கிரீன்லயும் அந்த நீலம் நிறைய இருக்கு, அதனால இன்னும் பகல்தான்னு நினைச்சு கடிகாரம் மெலடோனினைத் தள்ளிப் போடும்.

சரி, இதுல புக்கு எங்க வருது? அடினோசினும் சரியா இருக்கு, லைட்டும் அணைச்சாச்சு, ஆனாலும் மனசு ஓடிகிட்டே இருக்கும் இல்லையா, காலைல மேனேஜர் சொன்னது, பையனோட ஸ்கூல் ஃபீஸ், ஊர்ல அப்பாவோட முழங்கால் வலி, ஒண்ணுலேருந்து ஒண்ணுன்னு தாவும். படிக்கும்போது அந்த ஓட்டத்துக்கு ஒரே ஒரு நூலைப் பிடிக்கக் குடுக்குறோம். டிவி மாதிரி அது நம்மள இழுத்துகிட்டு ஓடாது, நம்ம வேகத்துக்குத்தான் அது வரும், கண்ணு மெதுவானா கதையும் மெதுவாகும். புக்கு போரடிக்கிறதாலதான் தூக்கம் வருதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, எனக்கு அது சரின்னு தோணலை. போரடிச்சா மனசு மறுபடி ஃபீஸ் கட்டுறதுக்கே ஓடிடும்.

இதை நிஜமாவே சோதிச்சுப் பாத்திருக்காங்க. அயர்லாந்துல கால்வே யூனிவர்சிட்டிக்காரங்க 991 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதியை ஏழு நாள் படுக்கைல புக்கு படிச்சுட்டுத் தூங்கச் சொன்னாங்க, இன்னொரு பாதியைப் படிக்காம தூங்கச் சொன்னாங்க. தூக்கம் முன்னைவிட நல்லா இருக்குன்னு சொன்னவங்க படிச்ச பக்கம் 42 சதவீதம், படிக்காத பக்கம் 28 சதவீதம். இது அவங்கவங்க வாயால சொன்னது, மெஷின் வெச்சு அளந்தது இல்ல. படிச்ச எல்லாருக்கும் வேலை செஞ்சுதுன்னும் இல்ல. ஆனா காசே ஆகாத ஒரு விஷயத்துக்கு இந்த வித்தியாசம் எனக்குப் பெருசாத்தான் தெரியுது.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். நான் பாத்தவரைக்கும் தூக்கத்தை வரவழைக்கிறது புக்கு மட்டும் இல்ல, தினமும் ஒரே வரிசைல நடக்குற ஒரு சின்ன சங்கிலி, அதுல கடைசி கண்ணிதான் புக்கு. உதாரணத்துக்கு எங்க வீட்டுல, அடுப்பு மேடையைத் துடைச்சு முடிக்கிறது, குளிக்கிறது, பெரிய லைட்டை அணைச்சு சின்ன லைட்டைப் போடறது, நாளைக்கு வேலையை எழுதி வைக்கிறது, அப்புறம் புக்கு. இதே வரிசைல ஒரு ரெண்டு மூணு வாரம் போச்சுன்னா மேடையைத் துடைக்கும்போதே கொட்டாவி வர ஆரம்பிக்கும், நான் சும்மா சொல்லலை, எனக்கு வந்துச்சு.

குளியலைப் பத்தி ஒரு வார்த்தை. நம்ம ஊர்ல வெக்கைக்காக ராத்திரி குளிக்கிறவங்கதான் ஜாஸ்தி, அது தூக்கத்துக்கும் உதவும், ஆனா காரணம் வேற. தூங்கப் போகும்போது உடம்போட உள்சூடு கொஞ்சம் இறங்கணும், வெதுவெதுன்னு இருக்குற தண்ணில குளிச்சா தோல்ல ரத்த ஓட்டம் ஜாஸ்தியாகி உள்ள இருக்குற சூடு வெளிய போகும். அதனால படுக்கறதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடி குளிக்கிறது நல்லது. சென்னைல மே மாசம் ஓவர்ஹெட் டேங்க் தண்ணியே அந்தச் சூட்டுலதான் வருது, கீசர் போட வேண்டிய வேலையே இல்ல.

எழுதி வைக்கிறதை லேசா நினைக்காதீங்க. அமெரிக்காவுல பேய்லர் யூனிவர்சிட்டில 57 பேரை வெச்சு 2018ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, படுக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் இனிமே செய்ய வேண்டிய வேலைகளை எழுதினவங்க, செஞ்சு முடிச்ச வேலைகளை எழுதினவங்களைவிட சுமாரா 9 நிமிஷம் சீக்கிரமா தூங்கியிருக்காங்க. விவரமா எழுதினவங்க இன்னும் சீக்கிரமா தூங்கினாங்களாம். அதனால "வீட்டு வேலை"ன்னு பொதுவா எழுதாம, கரண்ட் பில் கட்டணும், தண்ணி லாரி புக் பண்ணணும், அத்தைக்கு பிபி மாத்திரை வாங்கணும், இப்படி எழுதுங்க. பேப்பர்ல எழுதுங்க, காலண்டர்ல கிழிச்ச தாள் போதும். போனைத் திறந்தீங்கன்னா அது உங்களை வேற எங்கயோ கூட்டிட்டுப் போயிடும்.

போன்னு சொன்னதும் எல்லாரும் நீல வெளிச்சத்தைத்தான் திட்டுவாங்க. பாஸ்டன்ல 12 பேரை ஆஸ்பத்திரிலயே தங்க வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 2014 கடைசில வெளிவந்துச்சு. அஞ்சு ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி 4 மணி நேரம் ஐபேட்ல படிக்கணும், இன்னொரு அஞ்சு ராத்திரி அதே மாதிரி அச்சடிச்ச புக்குல படிக்கணும். ஐபேட்ல படிச்ச நாள்ல தூக்கம் வர சராசரியா 10 நிமிஷம் கூடுதலா ஆச்சு, அடுத்த நாள் மெலடோனின் ஏற ஆரம்பிக்கிறதே ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போச்சு, காலைலயும் மந்தமா இருந்திருக்காங்க. ஆனா கவனிங்க, அது முழு பிரைட்னஸ், 4 மணி நேரம், மங்கலான ரூம். நாம ஒரு இருபது நிமிஷம் வெளிச்சத்தைக் குறைச்சு வெச்சுப் படிச்சா அவ்வளவு பாதிப்பு இருக்கும்னு நான் நினைக்கலை. போன்ல எனக்கு இருக்குற பெரிய பயம் வெளிச்சம் இல்ல, அதுக்கு முடிவே கிடையாதுங்கறதுதான். புக்குல பக்கம் முடியும், அத்தியாயம் முடியும், ரீல்ஸ் முடியாது. கிண்டில் மாதிரி கருவி இருந்தா பரவாயில்ல, அது காகிதம் மாதிரியான திரை, லைட்டை நல்லா குறைச்சு வெச்சுக்கலாம், மெசேஜும் வராது. போன்ல மட்டும்தான் படிக்க முடியும்ங்கற நிலைமைல இருக்குறவங்க ஏரோபிளேன் மோட்ல போட்டுட்டுப் படிங்க.

லைட்டுக்கு வருவோம், ஏன்னா நம்ம வீடுகள்ல இதுலதான் நிறைய கோட்டை விடுறோம். பெட்ரூம்லயும் கிச்சன்ல போடற அதே வெள்ளை டியூப் லைட்டையே போட்டு வெச்சிருப்போம். பல்ப் டப்பால கெல்வின்னு ஒரு நம்பர் போட்டிருக்கும், 6500னு இருந்தா அது பகல் மாதிரி நீலம் கலந்த வெள்ளை, 2700 இல்ல 3000னு இருந்தா பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சள். கடைல போய் வார்ம் ஒயிட் குடுங்கன்னு கேட்டா எடுத்துக் குடுப்பாங்க. அதை ஒரு டேபிள் லேம்ப்ல போட்டு, தோளுக்குப் பின்பக்கம் வெச்சு, வெளிச்சம் புக்கு மேல விழணும், கண்ணுல விழக்கூடாது. அதுக்காக ஜீரோ வாட்ஸ் பல்ப்ல கண்ணைச் சுருக்கிகிட்டுப் படிக்காதீங்க, தலைவலிதான் வரும். நாப்பதைத் தாண்டினவங்களுக்கு வெள்ளெழுத்து வந்திருந்தா கண்ணாடியைப் போட்டுகிட்டுப் படிங்க, சங்கடமே வேண்டாம். ஒரே ரூம்ல பக்கத்துல வீட்டுக்காரர் தூங்கறாருன்னா, புக்குலயே மாட்டிக்கிற சின்ன கிளிப் லைட்டு கிடைக்குது, மஞ்சள் வெளிச்சம் வர்றதா பாத்து வாங்குங்க.

கொசுவைப் பத்தி சொல்லாம சென்னைல தூக்கத்தைப் பத்திப் பேச முடியாது, அதுவும் அக்டோபர் மழைக்கு அப்புறம். சாயங்காலம் விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடியே ஜன்னலைச் சாத்திட்டு, கொசுவலை இருந்தா அதைக் கட்டிட்டுப் படிக்க உக்காருங்க. ரெண்டு பக்கத்துக்கு ஒரு தடவை பேட்டை எடுத்துட்டு எழுந்தா அங்க தூக்கத்துக்கு வேலையே இல்ல.

அடுத்தது, எங்க உக்காந்து படிக்கிறது. இதுல டாக்டர்கள் சொல்றது ரெண்டு விதமா இருக்கும், குழம்பிடாதீங்க. ரிச்சர்ட் பூட்சின்னு ஒரு அமெரிக்க உளவியல் நிபுணர் 1972ல ஒரு முறையைக் கொண்டு வந்தார், தூக்கமே வராம அவதிப்படறவங்களுக்கு இன்னைக்கும் அதைத்தான் சொல்லிக் குடுக்குறாங்க. படுக்கைங்கறது தூங்கறதுக்கு மட்டும்தான், அங்க உக்காந்து டிவி, சாப்பாடு, ஆபீஸ் வேலை, கவலை எதுவும் கூடாது, படிக்கிறதும் கூடாது, படுத்து இருபது நிமிஷத்துல தூக்கம் வரலைன்னா எழுந்து வேற ரூமுக்குப் போயிடணும். நாள் முழுக்க படுக்கைல எல்லா வேலையும் பண்ணா, மூளை படுக்கையைப் பாத்ததும் வேலைன்னு நினைச்சுக்கும், தூக்கம்னு நினைக்காது. ஆனா கால்வே ஆராய்ச்சில படுக்கைலதானே படிச்சாங்கன்னு கேப்பீங்க. ஆமா, அவங்க தூக்கப் பிரச்சனைக்காகன்னு தேர்ந்தெடுத்த நோயாளிங்க இல்ல, பொதுவா வந்து சேந்த ஜனங்க. அதனால நான் இப்படி எடுத்துக்கறேன், உங்களுக்குப் படுத்தா தூக்கம் வந்துடும்னா கட்டில்ல படிங்க. படுத்தாலே முழிப்பு வருதுன்னா நாற்காலில உக்காந்து படிச்சுட்டு, கண்ணு சொருகும்போது மட்டும் கட்டிலுக்குப் போங்க.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்க ஆயா வீட்டு கோரைப்பாய் ஞாபகம் வரும். காலைல எழுந்ததும் சுருட்டி மூலைல நிக்க வெச்சுடுவாங்க, மறுபடி ராத்திரி தூங்கறதுக்குத்தான் அது தரைக்கு வரும். பகல்ல யாரும் பாய்ல உக்காந்து லேப்டாப் பாக்கலை. பூட்சின் சொன்னது அந்த வீட்டுல தன்னால நடந்துட்டு இருந்துச்சு. ஒரே ரூம் வீட்டுல இருக்கீங்க, தனியா பெட்ரூம் எல்லாம் இல்லைன்னா கவலையே படாதீங்க, பாய் உங்களுக்கு கட்டிலைவிட நல்ல வசதி. சுவர்ல சாஞ்சு தலகாணியை முதுகுக்குக் குடுத்துப் படிங்க, கொட்டாவி வந்ததும் பாயை விரிங்க, அந்தப் பாயை விரிக்கிற சத்தமே உடம்புக்கு ஒரு சேதியாயிடும்.

என்ன புக்கு? நம்ம வார இதழ் தொடர்கதைகளை நினைச்சுப் பாருங்க, கதவு மெதுவா திறந்தது, உள்ளே இருந்தது யாருன்னா... அங்க "தொடரும்"னு போட்டிருப்பாங்க. ஒரு வாரம் அதையே நினைச்சுகிட்டு இருப்போம். ராத்திரி படிக்கிற புக்குல அந்தத் தொடரும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. கிரைம் கதை, பேய்க்கதை, பங்குச் சந்தை புக்கு, ஆபீஸ் பரீட்சைக்குப் படிக்கிறது, அரசியல் கட்டுரை, இதெல்லாம் பகலுக்கு வெச்சுக்கோங்க. ராத்திரிக்கு பயணக் கட்டுரை, ஊர் நினைவுகள், கடிதங்கள், பறவை மரம் பத்தின புக்கு, உரையோட சின்னச் சின்ன சங்கப் பாட்டு, ஏன் பழைய சமையல் புக்குகூட நல்லா இருக்கும். என்னைக் கேட்டா எல்லாத்தையும்விட நல்லது ஏற்கனவே ஒரு தடவை படிச்சுப் பிடிச்சுப் போன நாவல், அடுத்து என்ன ஆகும்னு தெரியும், அதனால எந்தப் பக்கத்துலயும் நிறுத்திக்கலாம், ஆனாலும் அந்த ஊருக்குள்ள போய் நடக்கறது சுகமா இருக்கும்.

புக்குக்கு செலவும் பெருசா பண்ண வேண்டாம். தெருவுக்குப் பக்கத்துல கிளை நூலகம் இருக்கும், பெரிய நூலகம்னா அண்ணா சாலைல தேவநேயப் பாவாணர் நூலகம், எழும்பூர்ல கன்னிமாரா இருக்கு. 2010ல திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல ஒரு ஞாயித்துக்கிழமை போய் நாலு புக்கைப் புரட்டிப் பாத்தா உங்களுக்கு எந்த மாதிரி எழுத்து ஒத்துக்கும்னு தெரிஞ்சுடும். லஸ் பக்கமும் திருவல்லிக்கேணி பாரதி சாலையிலயும் பழைய புக்கு கடைகள் இருக்கு. ஆனா பழைய புக்கை அப்படியே படுக்கைக்குக் கொண்டு போகாதீங்க, நல்லா தட்டி ஒரு நாள் வெயில்ல வெச்சு எடுங்க, தூசி ஒத்துக்காதவங்களுக்கு ராத்திரி முழுக்க தும்மல் வரும்.

எவ்வளவு நேரம்? பதினஞ்சு நிமிஷத்துல ஆரம்பிங்க, அரை மணியைத் தாண்ட வேண்டாம். ஒரே வரியை ரெண்டாவது தடவை படிக்கிறோம்னு உங்களுக்கே தெரியும் பாருங்க, அதுதான் இடம், அங்க மூடிடுங்க, இந்த அத்தியாயம் மட்டும் முடிச்சுடலாம்னு தூக்கத்தைத் தள்ளாதீங்க, ஏன்னா அந்த வாய்ப்பு போச்சுன்னா மறுபடி வர நேரமாகும். அடையாளத்துக்கு ஒரு எம்டிசி பஸ் டிக்கெட் வைங்க, பக்கத்தை மடிக்காதீங்க.

ஓஎம்ஆர் பக்கம் வேலை பாக்குறவங்க சிலர் கேட்டாங்க, எனக்கு அமெரிக்கா கால் முடியவே பத்தரை ஆகுது, நான் எப்படிப் படிக்கிறதுன்னு. கால் முடிஞ்ச அடுத்த நிமிஷம் போய்ப் படுத்தா எப்படித் தூக்கம் வரும், மூளை இன்னும் மீட்டிங்லதான் இருக்கும். உங்களுக்குத்தான் இந்த இருபது நிமிஷம் ரொம்பத் தேவை. பதினொண்ணே காலுக்குப் படுங்க, பரவாயில்ல, ஆனா தினமும் அதே நேரமா இருக்கட்டும், காலைல எழற நேரமும் முடிஞ்சவரை மாறாம பாத்துக்கோங்க. பெரியவங்களுக்கு குறைஞ்சது 7 மணி நேரத் தூக்கம் வேணும்ங்கறதை மனசுல வெச்சு அந்த நேரத்தைப் போடுங்க.

குழந்தைங்க இருக்குற வீடுன்னா நீங்க தனியா படிக்கறதுக்கு முன்னாடி அவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க. ஆறு வயசுலேருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் 9லேருந்து 12 மணி நேரம் தூங்கணும், நம்ம ஊர்ல டியூஷன் முடிச்சு பதினோரு மணிக்குப் படுக்குற பிள்ளைங்களைப் பாத்தா எனக்கு நிஜமாவே வேதனையா இருக்கு. ஒரே கதையைத் தினமும் கேட்டாலும் அலுத்துக்காம சொல்லுங்க, அவங்களுக்கு அந்தத் தெரிஞ்ச கதைதான் தூக்கத்தைக் கொண்டு வரும்.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடறேன். வாரத்துக்கு மூணு நாளோ அதுக்கு மேலயோ, மூணு மாசமா தூக்கம் வரலை, பகல்ல வேலை கெடுதுன்னா அது இன்சோம்னியா, அதுக்கு புக்கு மருந்து இல்ல, டாக்டரைப் பாருங்க. மருந்துக் கடைல தானா மாத்திரை கேட்டு வாங்காதீங்க. அமெரிக்க டாக்டர்கள் சங்கம் ஒண்ணு 2016ல சொன்னது, இதுக்கு முதல் சிகிச்சையே மாத்திரை இல்ல, சிபிடி ஐன்னு, நிபுணரோட பேசி தூக்கத்தைப் பத்தின எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்திக்கிற ஒரு முறை, பூட்சின் முறையும் அதுல ஒரு பகுதி. அதே மாதிரி பெரிய குறட்டை, நடுவுல மூச்சு நின்னு திடுக்குன்னு எழறது, எவ்வளவு தூங்கினாலும் பகல்ல அசதின்னா தூக்கத்துல மூச்சுத் திணறல் இருக்கலாம், அதைக் கண்டிப்பா காட்டணும்.

சித்தி இப்போ காபியை நாலு மணிக்கு மாத்திட்டாங்க. சீரியலை விட முடியாதுன்னு சொல்லிட்டாங்க, நானும் விடச் சொல்லலை, அது முடிஞ்சதும் டிவியை அணைச்சுட்டு ஹால்ல பிரம்பு நாற்காலிலயே உக்காந்து மஞ்சள் லைட்டுல படிக்கிறாங்க. உடனே எல்லாம் சரியாகலை, முதல் வாரம் பன்னெண்டரை ஆச்சு, இப்போ பதினொண்ணே காலுக்கெல்லாம் தூங்கிடறாங்க, நடுவுல ஒரு கல்யாணத்துக்காக திருச்சி போன மூணு நாள் விட்டுப் போச்சு, திரும்பி வந்து மறுபடி பிடிச்சுகிட்டாங்க. நேத்து போன் பண்ணி, "பொடி எழுத்தா இருக்குடி, கொஞ்சம் பெரிய எழுத்துல இருக்குற பயணக் கட்டுரை ஏதாவது இருந்தா ஞாயித்துக்கிழமை வரும்போது எடுத்துட்டு வா"ன்னு சொல்லியிருக்காங்க, ரெண்டு எடுத்து வெச்சிருக்கேன்.